டெக்ட்ரானிக்ஸ் 465: காணாமல்போன 15 வோல்ட்

டெக்ட்ரானிக்ஸ் 465 என்பது 1972இல் வந்த சிஆர்ஓ, அதாவது மின் சிக்னலின் அலைவடிவத்தைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப். 100 மெகாஹெர்ட்ஸ், இரண்டு சேனல், டிலேடு ஸ்வீப் (அலையின் ஒரு பகுதியை மட்டும் விரித்துப் பார்க்கும் வசதி) உண்டு. 'போர்ட்டபிள்' என்ற பெயரில் விற்றார்கள். பத்து கிலோவைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுபவருக்கு அது போர்ட்டபிள்தான். நம் ஊர் கல்லூரி லேப்களில் 20 மெகாஹெர்ட்ஸ் சிஆர்ஓ பார்த்தே பழகிய எனக்கு இது நெடுநாள் ஆசை. இப்போது மேசைமேல் இருக்கிறது, ஓடுகிறது. ஓடாமல் வந்ததை எப்படி ஓட வைத்தேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். கூடவே எனக்கு நெடுநாளாக இருக்கும் ஒரு சண்டையையும் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்: பழைய கருவி கைக்கு வந்ததும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் (மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் பாகம்) எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றும் பழக்கத்தோடு சண்டை.

முதலில் வாங்கியது பற்றி. பழைய லேப் சாமான்களை ஏலத்தில் மொத்தமாக எடுத்துச் சில்லறையாக விற்கும் ஒருவரிடம் கிடைத்தது. "ஓடிக்கிட்டிருந்தப்ப எடுத்தது சார்" என்பது அந்தத் தொழிலில் வணக்கம் சொல்வதற்குச் சமம், அதற்கு மேல் அர்த்தம் தேடக் கூடாது. நான் பார்ப்பது வேறு. பிக்சர் டியூபின் முகத்தில் பாஸ்பர் கருகிய கோடு இருக்கிறதா? வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். வோல்ட்ஸ், டைம் குமிழ்கள் எல்லா நிலைக்கும் 'டக் டக்' என்று போகின்றனவா? ஸ்குரூ தலைகள் தேய்ந்திருக்கின்றனவா? தேய்ந்திருந்தால் நமக்கு முன்னால் யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முன்னவர் விட்டுப்போன கோளாறைத் தேடுவது அசல் கோளாறைத் தேடுவதைவிடக் கஷ்டம். இதில் ஸ்குரூ தலைகள் புதிதாகவே இருந்தன. பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டேன்.

465இல் போனால் போனதுதான் என்று சொல்லத்தக்கவை மூன்று: பிக்சர் டியூப், ஹை வோல்டேஜ் டிரான்ஸ்பார்மர், டெக்ட்ரானிக்ஸ் தனக்கென்றே செய்துகொண்ட ஐசிகள். இந்த மூன்றுக்கும் இன்னொரு செத்த 465தான் கடை. மற்றவை எல்லாம் சாதாரணப் பாகங்கள். சென்னை ரிச்சி தெருவில் பொறுமையாகச் சுற்றினால் சமமான ஒன்று கிடைத்துவிடும்.

இந்தக் கருவியைப் பழுது பார்க்கத் துணிந்ததற்கு முக்கியக் காரணம் அதன் சர்வீஸ் மேனுவல். ஹோவர்ட் வோலமும் ஜாக் மர்டாக்கும் 1946இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் தொடங்கிய கம்பெனி இது. அக்காலத்தில் அவர்கள் கருவியோடு கொடுத்த மேனுவல் ஒரு பாடப்புத்தகம். ஒவ்வொரு சர்க்யூட்டும் எப்படி வேலை செய்கிறது என்று பத்தி பத்தியாக எழுதியிருப்பார்கள். எந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட், எந்த அலைவடிவம் என்று படம் இருக்கும். எதை முதலில் சரிசெய்ய வேண்டும், எது அதற்கு அடுத்தது என்று வரிசை இருக்கும். அவர்களுடைய சர்க்யூட் படங்களின் ஓரத்தில் வரைபவர்கள் ஒளித்துவைத்த குட்டிக் கார்ட்டூன்களும் உண்டு. ராத்திரி பதினோரு மணிக்குக் கண் எரிய எரிய டிரான்சிஸ்டர் தேடும்போது அப்படி ஒன்று கண்ணில் பட்டால் கொஞ்சம் ஆறுதல்தான். ஸ்கேன் செய்த பிரதிகள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. மேனுவல் கையில் இல்லாமல் இதுபோன்ற கருவியைத் திறக்க வேண்டாம் என்பேன்.

உறையைக் கழற்றுவது சுலபம். பின்பக்கக் கால்களையும் அங்குள்ள ஸ்குரூக்களையும் எடுத்துவிட்டு, முகம் கீழே இருக்கும்படி மெத்தென்ற துணிமேல் நிறுத்தி, நீல உறையை மேல்நோக்கி உருவினால் வந்துவிடும். உள்ளே நான் எதிர்பார்த்ததுதான்: ஒரு விரற்கடைத் தூசி, காய்ந்த பல்லி முட்டை ஓடுகள். சென்னையில் எந்தப் பழைய கருவியைத் திறந்தாலும் பல்லி இருந்த அடையாளம் இருக்கும். முட்டை ஓட்டால் பிரச்சினை இல்லை. எச்சம்தான் ஆபத்து, செம்புத் தடங்களைப் பச்சையாக அரித்துவிடும். நல்லவேளையாக இங்கே அது ஷாசி தகட்டின்மேல் மட்டும் இருந்தது. மெல்லிய பெயின்ட் பிரஷ், வாக்குவம் கிளீனர், அப்புறம் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு. தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்களும் உண்டு. டெக்ட்ரானிக்ஸே தன் சர்வீஸ் மையங்களில் கருவிகளைக் கழுவி, சூடான அறையில் காயவைத்து எடுத்தது. ஆனால் நம் கடலோர ஈரப்பதத்தில் டிரான்ஸ்பார்மருக்குள் போன நீர் முழுதாகக் காய்ந்ததா என்று உறுதிசெய்ய என்னிடம் வழி இல்லை. அதனால் பஞ்சோடு நிறுத்திக்கொண்டேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதைத் தாண்டிக்கொண்டு போகாதீர்கள். இந்தக் கருவிக்குள் பிக்சர் டியூபின் கேத்தோடில் மைனஸ் 2450 வோல்ட் இருக்கும், ஆனோடில் சுமார் 18,000 வோல்ட். டிவி மெக்கானிக்குகள் இஎச்டி என்று சொல்வது இதைத்தான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது அங்கேயே இருக்கும். ஒரு கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறு கையால் மட்டும் அளப்பது பழைய வழக்கம், நல்ல வழக்கம். தனியாக இருக்கும்போது நான் இஎச்டி பக்கம் போவதே இல்லை.

அப்புறம் கரண்ட் கொடுப்பது. முதலில் வோல்டேஜ் தேர்வு 115இல் இருக்கிறதா, 230இல் இருக்கிறதா என்று பார்த்தேன். அமெரிக்காவிலிருந்து நேராக வந்த பழைய கருவிகளை இது பார்க்காமல் பிளக்கில் செருகிப் புகைத்தவர்கள் ஏராளம். அடுத்து நம் ஊர் மெக்கானிக்குகளின் சீரீஸ் போர்டு. குண்டு பல்பு ஒன்று கருவியோடு தொடராக நிற்கும். உள்ளே முழு ஷார்ட் என்றால் பல்பு பளிச்சென்று எரியும், கருவி பிழைக்கும். 465 நல்ல நிலையிலேயே 75 வாட் வரை இழுக்கக்கூடியது என்பதால் 60 வாட் பல்பு உதவாது, எல்லா சப்ளையும் சரிந்து எதுவுமே கிளம்பாது. நான் 200 வாட் வைத்தேன். பல்பு ஒரு நொடி மின்னி மங்கியது. ஆக டிரான்ஸ்பார்மர் நலம், ரெக்டிஃபையர்கள் நலம். பல்பு வழியாக வரும்போது அளக்கும் எந்த வோல்ட்டையும் நம்பக் கூடாது. அது உயிர் போகவில்லை என்று மட்டும்தான் சொல்லும். பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்தேன்.

முன்பக்க விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, திரையில் ஒன்றும் இல்லை. 'பீம் ஃபைண்ட்' பொத்தானை அழுத்தினால் எங்கோ ஓடிப்போன ட்ரேஸ் (திரையில் ஓடும் ஒளிக்கோடு) திரைக்குள் சுருங்கி வந்து முகம் காட்ட வேண்டும். அதுவும் வரவில்லை.

இந்த நிலையில் முதல் வேலை எப்போதும் பவர் சப்ளைதான். 465இல் ஐந்து சப்ளைகள்: பிளஸ் 110, 55, 15, 5, பிறகு மைனஸ் 8. இவற்றில் 55தான் தலைவர். அதற்கு மட்டும் ஒரு திருகு உண்டு, மற்றவை அதைப் பார்த்துத்தான் தங்கள் அளவைப் பிடிக்கின்றன. அதனால் 55 கொஞ்சம் விலகினாலும் கருவி முழுக்க விலகும். அளந்தேன். 55 இருந்தது, 110 இருந்தது, 5, மைனஸ் 8 எல்லாம் ஏறக்குறைய சரி. 15 இருக்க வேண்டிய இடத்தில் கால் வோல்ட்கூட இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு சப்ளை இப்படிப் படுத்துக் கிடந்தும் ஃப்யூஸ் போகவில்லை, ரெகுலேட்டர் டிரான்சிஸ்டர் கருகவில்லை. வெளியே ஷார்ட் ஆனால் கரண்ட்டை ஓர் எல்லைக்கு மேல் விடாமல் பிடித்துக்கொள்ளும்படி அதை வடிவமைத்திருக்கிறார்கள். இந்த லைனில் ஒருநாள் ஷார்ட் வரும் என்று 1972லேயே ஒருவர் நினைத்துப் பார்த்திருக்கிறார். அவர் புண்ணியத்தில் எனக்குத் தேட வேண்டியது ஒரே ஒரு பாகம்தான்.

பிளக்கைப் பிடுங்கி, காத்திருந்து, 15 வோல்ட் லைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம்ஸ் பார்த்தேன். இதற்கு நான் எடுத்தது டிஜிட்டல் மீட்டர் இல்லை, என்னிடம் இருக்கும் பழைய பிரிட்டிஷ் முள் மீட்டரான ஏவோ மீட்டர் மாடல் 8. காரணம் உண்டு. அதன் மிகக் குறைந்த ஓம்ஸ் ரேஞ்சில் முள் நடுவில் நிற்பது 20 ஓம்ஸில். 1.5 வோல்ட் செல்லிலிருந்து 75 மில்லியாம்பியர் வரை தள்ளும். அரை ஓம், ஒரு ஓம் வித்தியாசம் முள்ளில் தெளிவாகத் தெரியும். ஒன்று நினைவில் வைக்க வேண்டும்: இந்தப் பழைய முள் மீட்டர்களில் ஓம்ஸ் ரேஞ்சுக்குப் போனால் கறுப்பு ஒயரில்தான் பிளஸ் இருக்கும். டயோடு, எலக்ட்ரோலைட்டிக் பார்க்கும்போது இது குழப்பும். முள் அரை ஓம் பக்கம் போய் உட்கார்ந்தது.

அரை ஓம் என்பதே ஒரு துப்பு. 465இல் பல இடங்களில் ஒரு பகுதிக்குப் போகும் சப்ளை ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாகப் போய், அதற்கு அப்பால் ஒரு கெப்பாசிட்டரைச் சந்திக்கும். அந்தக் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகியிருந்தால் ரெசிஸ்டரின் மதிப்பாவது மீட்டரில் தெரியும், அந்த ரெசிஸ்டரும் பாவம் கருகியிருக்கும். இங்கே கருகல் எங்கும் இல்லை, அளவும் அரை ஓம். ஆகவே குற்றவாளி பிரதான லைன்மேலேயே உட்கார்ந்திருக்கிறார்.

யார் என்று யூகிப்பது கஷ்டமில்லை. அக்காலக் கருவிகளில் இப்படி ஷார்ட் ஆகும் முதல் ஆள் டேண்டலம் கெப்பாசிட்டர். பொடியாக்கி இறுக்கிய டேண்டலத்தின்மேல் மெல்லிய ஆக்சைடு படலம்தான் அதன் காப்பு. அதற்கு மேல் மாங்கனீசு டை ஆக்சைடு. படலத்தில் சின்ன ஓட்டை விழுந்தால், அந்த இடம் சூடாகி மாங்கனீசு டை ஆக்சைடு ஆக்சிஜனை இழந்து கரண்ட் கடத்தாத வேறொரு ஆக்சைடாக மாறி ஓட்டையை அடைத்துவிடும். தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும் வித்தை. ஆனால் சப்ளை லைனில் பின்னால் தாராளமாகக் கரண்ட் இருந்தால் ஆறுவதற்குள் வெந்துவிடும். பல வருடம் சும்மா கிடந்த கருவிக்குத் திடீரென்று கரண்ட் கொடுக்கும் அந்த முதல் நொடியில்தான் பெரும்பாலும் இது நடக்கிறது. அந்தக் காலத்தில் 15 வோல்ட் லைனில் 20, 25 வோல்ட் டேண்டலம் போடுவது வழக்கம். வேலை செய்யும் வோல்ட்டைப்போல இரண்டு மடங்கு தாங்கும் பாகம் போட வேண்டும் என்பது பின்னால் பட்டுத் தெரிந்துகொண்டது.

சரி, சந்தேகத்துக்குரியவர்கள் லைன் நெடுக வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொன்றாக வெட்டிப் பார்க்கலாம், எல்லாவற்றையும் மாற்றலாம். இரண்டும் எனக்குப் பிடிக்காது. ஐம்பது வயது போர்டில் ஒவ்வொரு முறை சாலிடரிங் அயர்ன் வைக்கும்போதும் செம்பு வளையம் பெயர்ந்து வர வாய்ப்பு இருக்கிறது. கெட்டுப்போகாத பாகத்தை மாற்றப் போய் நல்ல தடத்தைக் கெடுப்பது பைத்தியக்காரத்தனம்.

அதற்குப் பதில் இப்படிச் செய்தேன். பெஞ்ச் சப்ளையை அரை வோல்ட்டுக்கு மேல் போகாமல், ஒரு ஆம்பியருக்கு மேல் விடாமல் கட்டிவைத்தேன். அரை வோல்ட்டில் சிலிக்கான் டிரான்சிஸ்டரோ டயோடோ விழித்துக்கொள்ளாது, அதனால் ஐசிகளுக்குச் சேதம் இல்லை. இதை 15 வோல்ட் லைனின் தொடக்கத்தில் கொடுத்தால் ஒரு ஆம்பியர் முழுக்க ஷார்ட்டை நோக்கியே ஓடும். செம்புத் தடத்துக்கும் கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் உண்டல்லவா? எனவே ஷார்ட்டை நோக்கிப் போகப் போகத் தடத்தின்மேல் வோல்ட் சில மில்லிவோல்ட்டாகக் குறைந்துகொண்டே வரும். கிளை பிரியும் இடத்தில் தவறான கிளைக்குள் போனால் அங்கே கரண்ட் ஓடாததால் அளவு மாறாமல் அப்படியே நிற்கும். குறைகிற பக்கமாகவே போனால் ஆளைப் பிடித்துவிடலாம். டிஜிட்டல் மீட்டரின் மில்லிவோல்ட் ரேஞ்ச் இதற்குப் போதும்.

மீட்டரின் கறுப்பு ஒயரைக் கிரவுண்டில் கடித்துவைத்து, சிவப்பு முனையை லைன்மேல் நகர்த்தினேன். செங்குத்து ஆம்ப்ளிஃபையர் போர்டுக்குள் அளவு அசையவில்லை. ட்ரிகரும் ஸ்வீப்பும் இருக்கும் போர்டுக்குள் போனதும் குறையத் தொடங்கியது. இரண்டு டேண்டலம் பக்கத்தில் பக்கத்தில் நின்ற இடத்தில் மிகக் குறைவு. இரண்டில் யார்? ஒவ்வொன்றின் பிளஸ் காலிலும் நேராக முனையை வைத்துப் பார்த்தால் ஒன்றில் இன்னும் சில பத்தில் ஒரு மில்லிவோல்ட் குறைவு. விரலை வைத்துப் பார்த்தேன், லேசான சூடு. அதன் ஒரு காலை மட்டும் வெட்டினேன். லைனின் ரெசிஸ்டன்ஸ் உடனே ஏறியது.

வெட்டிய பாகத்தின்மேல் எழுத்து மங்கியிருந்தது. மேனுவலின் பாகப் பட்டியலில் மதிப்பு இருந்தது. அதே மைக்ரோஃபாரட், 35 வோல்ட் தாங்கும் புதிய டேண்டலம் போட்டேன். அலுமினியம் எலக்ட்ரோலைட்டிக் போட்டாலும் இந்த இடத்தில் குறை இல்லை. பிளஸ் பக்கத்தை இரண்டு தடவை சரிபார்த்தேன். திருப்பிப் போட்ட டேண்டலம் வெடிக்கும், நாற்றம் வீட்டைவிட்டுப் போக நாளாகும்.

கரண்ட் கொடுத்ததும் 15 வோல்ட் வந்துவிட்டது. டியூப் சூடேறும்வரை சில நொடி, பிறகு திரையின் குறுக்கே பச்சைக் கோடு. அம்மா எட்டிப்பார்த்து "இதுக்குத்தானா இத்தனை நாளு?" என்றார். ஆமாம், இதற்குத்தான்.

இங்கேயே பலர் கெப்பாசிட்டர் மாற்றும் படலத்தைத் தொடங்குவார்கள். 'பழசு ஆச்சே, எல்லாத்தையும் மாத்திடு' என்பது தாரக மந்திரம். என் கட்சி வேறு: முதலில் அள. 465இன் சப்ளையில் இருக்கும் பெரிய உருளைக் கெப்பாசிட்டர்கள் உயர்ந்த தரத்தில் செய்யப்பட்டவை. ஐம்பது வருடத்துக்குப் பிறகும் மைக்ரோஃபாரட் குறையாமல் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவை நன்றாக இருக்கின்றனவா என்பதைக் கருவியே சொல்லும். ஒவ்வொரு சப்ளையிலும் இன்னொரு சிஆர்ஓவை வைத்து ரிப்பிள் (டிசியில் மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கம்) பார்த்தேன். நம் 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸ் ரெக்டிஃபையருக்குப் பிறகு 100 ஹெர்ட்ஸாக இரட்டிக்கும், எனவே தேட வேண்டியது 100 ஹெர்ட்ஸ் ரம்பப்பல். நான்கு சப்ளைகளில் மேனுவல் அனுமதிக்கும் அளவைவிட நன்றாகக் குறைவு. ஐந்தாவதில் மட்டும், ரெகுலேட்டருக்கு முன்னால், ரம்பப்பல் உயரமாக இருந்தது. அந்த ஒரு உருளையை மட்டும் மாற்றினேன். புதிதாக வருபவை அளவில் சிறியவை, பழைய நான்கு கால் அமைப்பும் இருக்காது. அதனால் சின்ன அடாப்டர் போர்டு ஒன்று வெட்டிக்கொண்டேன். மற்றவை அப்படியே இருக்கின்றன.

இதற்கு விதிவிலக்கு உண்டு, மறைக்கவில்லை. வால்வு காலக் கருவிகளில் இருக்கும் மெழுகுக் காகிதக் கெப்பாசிட்டர்களை நான் அளக்காமலே மாற்றிவிடுவேன். அவை கசியாமல் இருந்து நான் பார்த்ததில்லை. மெயின்ஸ் ஓரத்தில் ஃபில்டருக்காக வைக்கும், மேல்தோல் வெடித்த காகிதக் கெப்பாசிட்டர்களும் அப்படியே. ஒருநாள் புகை கக்கும் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

465இல் டிரான்சிஸ்டர்கள் பல சாக்கெட்டில் நிற்கின்றன. சாலிடர் இல்லை, பிடுங்கிச் செருகலாம். பழுது பார்ப்பவனுக்கு வரம், ஆனால் சென்னைக் காற்றில் அதுவே தொல்லை. முதல் சேனலின் ட்ரேஸ் தானாக மேலும் கீழும் குதித்தது. பென்சிலின் மரமுனையால் போர்டை அங்கங்கே மெல்லத் தட்டினால், ஒரு டிரான்சிஸ்டரைத் தொடும்போது மட்டும் குதிக்கிறது. வெளியே எடுத்து, கால்களை ஆல்கஹால் துணியால் துடைத்து, அதே இடத்தில் திரும்பச் செருகியதும் நின்றுவிட்டது. எல்லா டிரான்சிஸ்டரையும் ஒரே நேரத்தில் பிடுங்கிப் போட்டுத் துடைக்க வேண்டாம். ஜோடி பார்த்துப் போட்டவை இருக்கின்றன, இடம் மாறினால் பேலன்ஸ் போய்விடும்.

இரண்டாவது சேனலின் வோல்ட்ஸ் குமிழ் வேறு மாதிரி தொல்லை கொடுத்தது. சில நிலைகளில் சிக்னல் பாதியாகத் தெரிந்தது. 465இல் இந்தக் குமிழுக்குப் பின்னால் இருப்பது கேம் சுவிட்ச். ஒரு உருளை சுற்றும்போது அதன் மேடு பள்ளங்கள் மெல்லிய தங்க முலாம் பூசிய விரல்களைப் போர்டின்மேல் இறக்கும், தூக்கும். ரேடியோ வால்யூம் கன்ட்ரோலுக்கு அடிப்பதுபோல ஸ்பிரே அடித்தால் எண்ணெய்ப் பசை போர்டில் தங்கி, 1 மெகாஓம் இன்புட்டில் கசிவாகத் தெரியும். நான் செய்தது: நல்ல கெட்டிக் காகிதத்தை மெல்லிய பட்டையாக வெட்டி, ஆல்கஹாலில் நனைத்து, விரல் இறங்கியிருக்கும் நிலையில் அதன் அடியில் நுழைத்து மெல்ல இழுப்பது. காகிதத்தில் கறுப்புக் கோடு வரும். கோடு வராதவரை திரும்பச் செய்வது. சலிப்பான வேலை. ரேடியோ பக்கத்தில் பாடிக்கொண்டிருந்தால் போதும், ஓடிவிடும். உப்புத்தாள் கூடவே கூடாது, முலாம் போனால் சுவிட்ச் போனதுதான்.

இஎச்டி பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மைனஸ் 2450 வோல்ட்டை அளந்தேன். சாதாரண டிஜிட்டல் மீட்டர்கள் 1000 வோல்ட்டோடு நின்றுவிடும். ஏவோ 8இல் 2500 வோல்ட் ரேஞ்ச் இருக்கிறது, அதற்குத் தனி முனை. ஒரு வோல்ட்டுக்கு 20,000 ஓம்ஸ் என்ற கணக்கில் அந்த ரேஞ்சில் மீட்டரின் ரெசிஸ்டன்ஸ் 50 மெகாஓம், இழுக்கும் கரண்ட் 50 மைக்ரோஆம்பியருக்குள். கரண்ட்டை நிறுத்தி, ஒயரை மாட்டி, கையை எடுத்துவிட்டு, கரண்ட் கொடுத்து, முள்ளைப் படித்து, நிறுத்திவிட்டுக் கழற்றினேன். பழைய ஒயர்களின் ரப்பர் வெடித்திருக்கும் என்பதால் சிலிக்கான் ஒயர் புதிதாகப் போட்டுத்தான் இதைச் செய்தேன். மீட்டரைப் படுக்கவைத்தே படிக்க வேண்டும், அளவுகோல் அந்த நிலைக்கே போட்டது. முள் கடைசிக் கோட்டுக்குச் சற்று முன்னால், இருக்க வேண்டிய இடத்திலேயே நின்றது.

ஏவோவைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் தபால் துறைப் பொறியாளர் டொனால்ட் மெக்கடி, ஆம்பியருக்கும் வோல்ட்டுக்கும் ஓம்ஸுக்கும் தனித்தனி மீட்டர் தூக்க அலுத்துப்போய் உருவாக்கியது. 1923இல் விற்பனைக்கு வந்தது. மாடல் 8 வந்தது 1951இல், தயாரிப்பு நின்றது 2008இல். இந்தியாவில் பழைய லேப் ஏலங்களில் இன்னும் கண்ணில் படுகிறது. வாங்கினால் முதலில் பின்மூடியைத் திறந்து பேட்டரி கசிந்திருக்கிறதா பாருங்கள். அதிக ஓம்ஸ் ரேஞ்சுக்கு 15 வோல்ட் பேட்டரி வேண்டும், அது இப்போது சுலபமாகக் கிடைப்பதில்லை. கார் ரிமோட்டுக்குப் போடும் 12 வோல்ட் பேட்டரி ஒன்று, 1.5 வோல்ட் பொத்தான் செல் இரண்டு, மூன்றையும் தொடராக வைத்தால் 15 வந்துவிடும்.

கடைசி வேலை கேலிபரேஷன். 55 வோல்ட் மேனுவல் சொல்லும் எல்லைக்குள் இருந்ததால் அந்தத் திருகைத் தொடவே இல்லை. தொட்டால் அதன் பின்னால் இருக்கும் எல்லாவற்றையும் திரும்பச் சரிசெய்ய வேண்டும். 465இன் முன்பக்கக் கேலிபரேட்டர் 1 கிலோஹெர்ட்ஸில் 300 மில்லிவோல்ட் சதுர அலை தருகிறது. சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துக் கொடுக்கும் பத்துமடங்கு பிரோப் (அளக்கும் முனை) போட்டு 5 மில்லிவோல்ட் நிலையில் வைத்தால் சரியாக ஆறு கட்ட உயரம் வர வேண்டும். வந்தது. ஆனால் கேலிபரேட்டரும் அதே கருவிக்குள் இருப்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. வெளியிலிருந்து ஏடி584 ஐசி வைத்த சின்ன ரெஃபரன்ஸ் போர்டின் 2.5, 5, 7.5, 10 வோல்ட்டுகளைக் கொடுத்தும் பார்த்தேன். நேரத்துக்கு 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஆசிலேட்டர். ஒரு கட்டத்துக்கு 0.1 மைக்ரோசெகண்ட் என்று வைத்தால் கட்டத்துக்கு ஒரு அலை விழ வேண்டும். திரையின் இரு ஓரக் கட்டங்களையும் விட்டு, நடு எட்டுக் கட்டத்தில் மட்டும் பார்ப்பது முறை. ஒரு ரேஞ்சில் மட்டும் லேசாக முந்தியது, திருகிச் சரிசெய்தேன்.

100 மெகாஹெர்ட்ஸ் உண்மையிலேயே வருகிறதா என்பதை எப்படிப் பார்ப்பது? 0.35ஐக் கருவி காட்டக்கூடிய உச்ச அலைவெண்ணால் வகுத்தால் எழுச்சி நேரம் (சிக்னல் கீழிருந்து மேலே ஏறத் திரையில் எடுக்கும் நேரம்) கிடைக்கும், இங்கே 3.5 நானோசெகண்ட். அதைவிட மிக வேகமான விளிம்பு ஒன்று வேண்டும். லீனியர் டெக்னாலஜி என்ற ஐசி கம்பெனியில் இருந்த ஜிம் வில்லியம்ஸ் 1991இல் ஒரு குறிப்பில் காட்டிய சர்க்யூட்தான் இதற்குப் பேர் போனது. 2என்2369 டிரான்சிஸ்டரைச் சுமார் 90 வோல்ட்டில் அவலாஞ்சாக (கரண்ட் பனிச்சரிவுபோலத் திடீரென்று பாயும்படி) உடையவைத்து, 350 பிக்கோசெகண்டில் எழும் துடிப்பை எடுப்பார். அவரும் பழைய டெக்ட்ரானிக்ஸ் கருவிகளை ஓயாமல் சேர்த்தவர். நான்கே பாகம், சின்ன செம்புத்தகடு, பிஎன்சி கனெக்டர். 465க்கு 50 ஓம் இன்புட் கிடையாது, அதனால் இடையில் 50 ஓம் டெர்மினேட்டர் அவசியம். இல்லாவிட்டால் எதிரொலிதான் திரையில் தெரியும். பத்துமடங்கு மேக்னிஃபையரில் ஒரு கட்டம் 5 நானோசெகண்ட். பத்திலிருந்து தொண்ணூறு சதவீதம் ஏற முக்கால் கட்டத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்தது. ஆக இந்த வயதிலும் நூறைத் தொடுகிறது.

இந்தப் பணத்துக்கு நான்கு சேனல் டிஜிட்டல் ஸ்கோப்பே வாங்கலாமே என்று கேட்பார்கள். வாங்கலாம், வேலைக்கு அதுதான் வசதி, என்னிடமும் ஒன்று இருக்கிறது. ஒரு முறை மட்டும் வந்து மறையும் சிக்னலை 465இல் பிடிக்க முடியாது. ஆனால் டிஜிட்டலில் ஏதாவது போனால் போர்டை மாற்றுவதோடு சரி. இங்கே அந்த அரை ஓமைத் துரத்திப் பிடித்த சந்தோஷம் அதில் இல்லை.

பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. மாதம் ஒரு தடவை ஒரு மணி நேரம் ஓடவிடுவது, ஃபேன் புஷ்ஷில் ஒரு சொட்டு எண்ணெய், ஐப்பசி கார்த்திகை மழையில் உறைக்கு அருகே சிலிக்கா ஜெல் பை. காற்றுத் துளைகளுக்கு உள்பக்கமாக மெல்லிய நைலான் வலை ஒட்டியிருக்கிறேன், பல்லிக்காக. காற்றோட்டம் குறைகிறதா என்று உள்ளே வெப்பம் பார்த்துவிட்டுத்தான் ஒட்டினேன்.

வோல்ட்ஸ் குமிழின் விளிம்புக்கு அடியில் இரண்டு குட்டி பல்புகள் உண்டு. சாதா பிரோப் மாட்டினால் ஒன்று, பத்துமடங்கு பிரோப் மாட்டினால் மற்றது எரிந்து, சரியான அளவைக் காட்டும். இரண்டாவது சேனலில் ஒன்று எரியவில்லை. அதை மாற்றக் குமிழ்க் கூட்டத்தையே கழற்ற வேண்டும் என்பதால் தள்ளிப்போட்டிருக்கிறேன். அடுத்து மேசைக்கு வரப்போவது ஒரு 500 வரிசை வால்வு ஸ்கோப். அதில் பாகங்கள் பீங்கான் பட்டைகளில் சாலிடர் ஆகியிருக்கும். சாதாரண ஈயத்தைத் திரும்பத் திரும்ப வைத்தால் பீங்கானில் ஒட்டியிருக்கும் வெள்ளியைக் கரைத்துவிடும் என்பதால், சுமார் 3 சதவீதம் வெள்ளி கலந்த சாலிடர்தான் வேண்டும். அந்தக் காலத்தில் கருவிக்குள்ளேயே ஒரு சின்னச் சுருள் வைத்து அனுப்பினார்கள். என்னுடையதில் அந்தச் சுருள் பாதி மீதம் இருக்கிறது.